பெனுகொண்டா தாலுகாவில் அம்மனைத் தேடியது

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு முதல் முடி காரமடை ரங்கநாதருக்குத்தான். எனக்கும் அங்கேதான் எடுத்தார்கள். எனக்குப் பின் பிறந்த இரண்டு பிள்ளைகள் நடை பழகும் முன்பே தவறிப்போயின. அடுத்துப் பிறந்த தம்பியின் தலையில் கத்தி வைக்க அம்மா ஒப்பவில்லை. வடக்கே உங்கள் ஆதி குலதெய்வம் காத்திருக்கிறது, அவள் முன்னால் முடி எடுத்தால்தான் பிள்ளை தங்கும் என்று கிணத்துக்கடவில் குறி சொல்கிறவர் ஒருவர் சொல்லியிருந்தார். இரண்டு வயதாகியும் தம்பிக்கு நான் சடை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன்.

நயா பைசா வந்த புதிது அது. ரயில் மாறி மாறிப் போனோம். வழியெல்லாம் தம்பியை "அம்மணி, பேரென்ன?" என்று கொஞ்சினார்கள். அம்மா மறுத்துச் சொல்லவில்லை. பெண் என்று நினைத்தால் கண் படாது என்று விட்டுவிட்டாள்.

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களவர்க்குப் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயர் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் முன்னோர் இருந்த ஊரின் பெயராக இருக்கும். அந்த ஊர் ஆந்திராவில் பெனுகொண்டா தாலுகாவில் இருக்கிறது, அம்மன் ஏரிக்கரையில் இருக்கிறாள், இவ்வளவுதான் அப்பாவுக்குத் தெரியும். போய் விசாரித்தால், தாலுகாவில் அதே பெயரில் மூன்று ஊர்கள். மூன்றிலும் ஏரி.

மாட்டுவண்டி ஒன்று பேசிக்கொண்டோம். பாறையும் நிலக்கடலைக் காடுமாக வழி. ஒவ்வோர் ஊரிலும் அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: எங்கள் வீட்டுப் பெயர்க்காரர் இங்கே யாராவது உண்டா? முதல் ஊரில் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. அப்பாவின் தெலுங்கைக் கேட்டுப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். தம்பிக்கு லேசாக உடம்பு சுடத் தொடங்கியது. அம்மா அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மூன்றாவது ஊரில், அம்மாவையும் தம்பியையும் வண்டியிலேயே நிழலில் விட்டுவிட்டு, பூஜைக் கூடையோடு நானும் அப்பாவும் ஏரிக்கரைக்கு நடந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவரிடம் அப்பா அதே கேள்வியைக் கேட்டார். கிழவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் தெலுங்கில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"ஊருக்குள்ள இருக்கிறவனுக்கு ஊர்ப் பேர் எதுக்கய்யா? ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் அது. போனவங்க சும்மாவா போனாங்க? அம்மனையும் கூடையில வெச்சுத் தலைமேல தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க தாத்தா சொல்வார். இப்ப எங்கிட்ட வந்து அம்மன் எங்கேன்னா?"

கோலால் காட்டிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். அங்கே கல் மேடை ஒன்று இருந்தது. மேடையில் ஒன்றுமில்லை.

"அம்மன் எங்கீங்கப்பா?" என்றேன்.

"நம்மகூட வந்துட்டாங்க கண்ணு."

நான் திரும்பி வழியைப் பார்த்தேன். வண்டி மட்டும்தான் தெரிந்தது.

அப்பா கூடையை மேடையோரம் இறக்கி வைத்தார். பிறகு ஏரிக்குள் இறங்கி, முழங்கை உயரக் கல் ஒன்றைத் தூக்கி வந்து மேடையில் நிறுத்தினார். கூடையிலிருந்த மஞ்சளைக் குழைத்து அதன்மேல் அப்பினார். குங்குமம் வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மாகிட்டச் சொல்லிப்போடாதே" என்றார். அப்பா ஏமாற்றுவதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. சாமி கோபித்துத் தம்பியை எடுத்துக்கொள்ளும் என்று பயந்தேன். ஆனாலும் சொல்லவில்லை.

அப்பா போய் அம்மாவையும் தம்பியையும் ஊர் நாவிதரையும் அழைத்துவந்தார். அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு மேடை முன்னால் உட்கார்ந்தாள். முடி விழ விழ, கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். பெண்கள் அப்படி விழுவது வழக்கமில்லை. எழுந்தபோது நெற்றியெல்லாம் மண்.

"மனசு குளுந்துபோச்சுங்க" என்றாள்.

அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அம்மன் ஏத்துக்கிட்டா" என்றார்.

வண்டிக்குத் திரும்பியதும் அம்மா கட்டுச்சோற்றை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் அதை அப்படியே வைத்துவிட்டு, சொம்புத் தண்ணீரை எடுத்து அப்பாவின் கைகளை இழுத்து ஊற்றினாள். ஒவ்வொரு விரலாக முந்தானையால் துடைத்தாள். "நகத்துக்குள்ள எல்லாம் மஞ்சளுங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். அப்பா கைகளை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்; அம்மா விடவில்லை.

சோற்றுக்கு முன்னால் கை கழுவுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, நானும் என் கைகளை நீட்டினேன்.