வாசலோர இடத்துக்கு ஒரு பந்தயம்

ஹம்ரகுலை முட்டாள் என்று சொல்லாதவர்கள் எங்கள் ஊர் கோகந்தில் குறைவு. நானும் சொல்லியிருக்கிறேன், அவன் முகத்துக்கு நேராகவே. சந்தைக்கும் ரயிலடிக்கும் நடுவே வேன் ஓட்டுகிறவன். வாலிபத்தில் பஞ்சாலைக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். மூக்கு இன்னும் இடப்பக்கம் கோணியிருப்பது அந்த நாட்களின் சம்பாத்தியம். நாட்டு அணி யாரோடு மோதினாலும் அவன் அதன் பக்கம்தான் பந்தயம் கட்டுவான். அணியோ உலகக் கோப்பைக்குத் தகுதி பெறப் போகும் ஒவ்வொரு முறையும் கடைசிப் படியில் கால் இடறி விழும்.

சிநேகிதர்கள் நாங்கள் கூடிச் சாப்பிடும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் காசு வைத்துப் பந்தயம் கட்டக் கூடாது. மானத்தைத்தான் வைக்க வேண்டும். ஒருமுறை ஹம்ரகுல் மீசையை இழந்தான். இன்னொரு முறை தன் சம்பந்தி மிர்சோஹிதை முதுகில் சுமந்துகொண்டு சந்தையைச் சுற்றி வந்தான். மிர்சோஹித் நல்ல கனம். தர்பூசணிக்காரர்கள் கடையை விட்டு வந்து கைதட்டினார்கள். சம்பந்தியை இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, "அடுத்த தடவை பாருங்க" என்றான் ஹம்ரகுல். எனக்கு எரிச்சலாக வந்தது. தோற்றவன் கொஞ்சமாவது தலை குனிய வேண்டாமா?

அப்புறம் ஒரு நாள் அணி தகுதி பெற்றே விட்டது. ஊரே தெருவில் ஆடியது. ஹம்ரகுல் வேனின் ஹாரனை அடித்து அடித்தே கெடுத்துக்கொண்டான்.

போட்டி தொடங்கச் சில வாரம் இருக்கையில் கால்வாய்க் கரைத் தேநீர்க்கடையில் கூடினோம். புலாவ் தட்டுகள் காலியானதும் எங்களில் மூத்தவரான கோசிம் அகா கைகளை விரித்தார். "நம்ம பசங்க ஜெயிச்சு, முகம் மலர வீடு திரும்பணும்." எல்லோரும் "ஆமீன்" சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம். அடுத்த நிமிடமே மிர்சோஹித் கைபேசியை எடுத்துவிட்டான்.

"வெளிநாட்டுச் சூதாட்டக்காரங்க விலை போட்டுட்டாங்க. நம்ம பசங்க கோப்பை வாங்கினா ஒண்ணுக்கு ஐந்நூறு தர்றாங்களாம். எங்க வாங்குறது? முதல் சுற்றையே தாண்ட மாட்டாங்க. கார்னர் அடிச்சா நம்ம ஆளுங்க நின்னு வேடிக்கை பாக்குறாங்க. முன்னாடி ஆடுறவனுக்கு முட்டி சரியில்ல. குலுக்கல்ல வந்து வாய்ச்சதும் பெரிய பெரிய தலைங்க."

"அந்த விலை நம்மளப் பத்தினதே இல்ல, சம்பந்தி," என்றான் ஹம்ரகுல். "ஜனங்க யார் மேல காசைக் கொட்டுறாங்களோ அவனுக்கு விலை குறையும். நம்ம பேரே தெரியாதவன் நம்ம மேல எதுக்குக் காசு வைப்பான்? அதான் ஐந்நூறு."

"அப்போ கார்னர்?"

"சொதப்புறாங்கதான். நான் கோல்கீப்பர், எனக்குத் தெரியாதா? ஆனா மத்த நேரத்துல பூட்டுப் போட்டு நிக்கிறாங்களே, அதை ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க? ரெண்டை டிரா பண்ணி ஒண்ணை ஜெயிச்சாப் போதும், முதல் சுற்று தாண்டியாச்சு."

"பந்தயமா?"

"பந்தயம்!"

மிர்சோஹித் சிரித்தான். "தோத்தா ஒரு வருஷம் வாசலோரம் உக்காந்து எங்களுக்கு டீ ஊத்தணும்."

வாசலோரம் வயதில் சின்னவனுக்குரிய இடம். பேரன் எடுத்தவன் அங்கே உட்கார்ந்து, பெண் கொடுத்த இடத்து மனிதனுக்கு டீ ஊற்றினால் மகள் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? மீசை திரும்ப முளைத்துவிடும். இது முளைக்காது.

"யார் யாரு என் பக்கம்?" என்று கேட்டான் மிர்சோஹித். எல்லாக் கையும் உயர்ந்தது, என்னுடையதும்தான்.

ஹம்ரகுலின் கோணல் மூக்கு சிவந்துவிட்டது. "இப்பத்தானே கையை விரிச்சு, ஜெயிக்கணும்னு கேட்டீங்க? ஆமீன் சொன்ன வாய் இன்னும் காயல, அதுக்குள்ள தோக்கும்னு பந்தயம் கட்டுறீங்க. மேல இருக்கிறவன் எதைக் காதுல வாங்குறது?"

ஆமீன் சொன்னதற்கு எதிராகப் பந்தயம் கட்டுவது எங்களில் யாரும் செய்யத் துணியாத காரியம். பேச்சு வேகத்தில் அத்தனை பேரும் மறந்து தொலைத்திருந்தோம்.

"தப்புதான். பந்தயம் செல்லாது," என்றார் கோசிம் அகா.

மிர்சோஹித் கையை உதறினான். "சரி, வாபஸ். தப்பிச்சீங்க, சம்பந்தி."

அந்த வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"தப்பிச்சேனா? வாபஸ் வாங்கினது நீங்க. என் பந்தயம் அப்படியே நிக்குது." ஹம்ரகுல் எழுந்தான். பெரியவர்களுக்கான மேல்வரிசை இடத்தை விட்டு நேராக வாசலோரம் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "தோத்தா இங்கதானே உக்காரணும்? இதோ, உக்காந்துட்டேன். பசங்க முதல் சுற்று தாண்டுற அன்னிக்கு எழுந்து வரேன். இனிமே எதைக் காட்டிப் பயமுறுத்துவீங்க?"

"டேய், வீம்பு பண்ணாத. மகளை நெனச்சுப் பாரு," என்றேன்.

"அவளும் நம்ம அணிதான்டா."

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பொறாமையாக இருந்தது.

தேநீர்ப் பானையை எடுத்தான். பாதிக் கிண்ணம் ஊற்றுவதுதான் எங்களிடம் மரியாதை. தளும்ப ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். அவன் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிச் சம்பந்தியிடம் நீட்டினான். பிடி இல்லாத கிண்ணம். வாங்கிய மிர்சோஹிதின் விரல்கள் சிவந்தன.

"சுடுது, சம்பந்தி."

"சுடும். முப்பது வருஷமா நம்ம அணியை நான் இப்படித்தான் கையில வச்சிருக்கேன்."

மிர்சோஹித் எழுந்து போகவில்லை. கிண்ணத்தைக் கீழே வைக்கவும் இல்லை.