ஓம் சொல்லக் கூடாத பாடம்

நேற்று வெஸ்ட்லி போகும் ரயிலில் எனக்குப் பின் இருக்கையில் எங்கள் ஊர் அம்மா ஒருவர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு வந்தார். கதைத்தார் என்பதுகூடச் சரியில்லை. "ஓம்... ஓம்... ஓமோ?... ம்ம், ஓம்..." எங்கள் ஊர் ஆமாம், அவ்வளவுதான். மற்றப் பக்கத்தில் யாரோ மனதில் உள்ளதையெல்லாம் கொட்டுகிறார்கள். நான் இறங்கவேண்டிய இடம் போனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். ஒட்டுக்கேட்பது மரியாதையா என்று கேட்பீர்கள். மரியாதையாக உரையாடுவது எப்படி என்று கற்பித்துச் சம்பளம் வாங்கியவன் நான்!

நோர்வேக்கு வந்த புதிதில் எல்லிங்ஸ்ருட்டில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். இந்த நாட்டு மொழி பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம்தான் கைகொடுத்தது. கணினி வழியாக யப்பானியர்களுக்கு ஆங்கிலம் பேசப் பழக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எனக்குக் காலை, அவர்களுக்குப் பின்னேரம். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாரம். கமராவுக்கு முழங்கால் தெரியாது அல்லவா.

ஹிரோக்கோ என்று ஒரு மாணவி. எழுபது தாண்டியவர், கணவர் இல்லை. மகள் அவுஸ்திரேலியாவில் ஒரு வெள்ளைக்காரரை மணந்திருந்தாள். யப்பானியர்கள் யாராவது பேசும்போது மூச்சுக்கு மூச்சு ஆமாம் போடுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். இந்த வருடம் வர வசதிப்படவில்லை என்று மருமகன் தொலைபேசியில் விளக்கியபோது, ஹிரோக்கோவும் வழக்கம்போல் "யெஸ், யெஸ்" என்றிருக்கிறார். மாமிக்குச் சம்மதம் என்று மருமகன் நினைத்துவிட்டார். மூன்று வயதுப் பேத்தியை ஹிரோக்கோ இன்னும் நேரில் பார்த்ததில்லை. அடுத்த வருடமாவது அவர்களை வரவைக்க வேண்டும் என்றுதான் என்னிடம் படிக்க வந்தார்.

"மருமகன் முடிக்கும்வரை சத்தம் காட்டாதீர்கள். பிறகு உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள்" என்றேன். ஹிரோக்கோ "யெஸ்" என்று தொடங்கினால் உதட்டில் விரல் வைப்பேன். யாழ்ப்பாணத்தான் செய்கிற வேலையா இது? அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தால், நான் வாய் திறக்க முதலே "ஓம் ராசா, ஓம், சொல்லு" என்பார். சாப்பிட்ட கறியைச் சொன்னாலும் பத்து ஓம் விழும்.

ஹிரோக்கோ தேறிவிட்டார். மருமகன் சொன்னதையெல்லாம் பேசாமல் கேட்டுவிட்டு, "எனக்குப் பேத்தியைப் பார்க்க வேண்டும், தயவுசெய்து வாருங்கள்" என்றாராம். அவர்களும் பயணச்சீட்டு எடுத்துவிட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கடைசி வகுப்பில், "சென்செய், முகம் வாடியிருக்கிறதே" என்றார். சென்செய் என்றால் ஆசிரியர்.

அம்மா இறந்து அன்றைக்குப் பதினொரு நாள். பயணப் பத்திரம் கைக்கு வராததால் நான் போகவில்லை. ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. அவர் கேட்டதும் சொல்லத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. நான் எடுக்கத் தவறிய அம்மாவின் கடைசி அழைப்பைப் பற்றிக்கூடச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. தலை குனிந்திருந்த நான் இணைப்பு அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"ஹிரோக்கோ, இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன், சென்செய். நீங்கள் கற்பித்தபடி கேட்கிறேன்."

நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. உதடுகளை இறுக மூடியிருந்தார்.

அந்த நிறுவனத்தைப் பிறகு மூடிவிட்டார்கள். ஹிரோக்கோ எங்கே இருக்கிறாரோ தெரியாது. ஊருக்குத் தொலைபேசி எடுக்க ஓர் இலக்கம் இருந்தது, அதுவும் இப்போது இல்லை. எனக்கு நோர்வேஜிய மொழியும் வந்துவிட்டது, நிரந்தர வேலையும் கிடைத்துவிட்டது. என்னோடு கதைப்பவர்கள் எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு சத்தமும் காட்டாமல் கேட்கிறார்கள்.