டிராக்டர் பிள்ளை

சவூதியில் பிரசவ வார்டு நர்சாக நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். கையிலிருந்த காசில் கார் வாங்குவதாகத்தான் பேச்சு. அஞ்சுகிராமம் பக்கம் நல்ல நிலையில் ஒரு பழைய கார் விற்பனைக்கு இருக்கிறதென்று கேள்விப்பட்டு, நானும் என் கணவரும் பார்க்கப் போனோம். கார் நின்ற ஷெட்டின் மூலையில் காய்ந்த ஓலைக்கும் உரச்சாக்குகளுக்கும் நடுவே சிவப்பாக ஏதோ தெரிந்தது. சாக்கை இழுத்துப் போட்டேன். டிராக்டர்! என் இடுப்பு உயரம்தான் இருந்தது.

அவ்வளவு சின்ன டிராக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. முன் சக்கரங்கள் ஸ்கூட்டர் சக்கரத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஓட்டை போட்ட இரும்புத் தட்டு மாதிரி ஒரு சீட். சாவியெல்லாம் கிடையாது; முன்னால் கம்பியை மாட்டிக் கையால் சுற்ற வேண்டும். ஜப்பானில் செய்தது, தன் அப்பா காலத்தில் வாங்கியது, இந்த மாதிரி வண்டி நம் மாவட்டத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை என்று காரை விற்பவர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். காரின் பக்கம் அப்புறம் நான் போகவே இல்லை.

"ஏட்டி, ஒனக்கு கிறுக்கா?" என்றார் என் கணவர். "நமக்கு என்ன, வயலா கெடக்கு? இருக்குற தென்னந்தோப்புக்கு ஒரு மம்பட்டி போதாதா?"

"மம்பட்டில ஏறி ஒக்கார முடியுமா?" என்றேன்.

மினி லாரியில் ஏற்றி, இராஜாக்கமங்கலம் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். மூன்று மெக்கானிக்குகள் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் கடியப்பட்டணத்தில் வள்ளங்களுக்கு எஞ்சின் பழுது பார்க்கும் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் குனிந்து பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"அக்கா, இத வள்ளத்துல வச்சா மீன் பிடிக்கப் போவும். ரெண்டும் ஒரே குடும்பமாக்கும்."

டீசல் தெளிக்கும் நாசிலைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பொருந்துகிற ஒன்று கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. ஒரு காலையில் அதை மாட்டிவிட்டு, கம்பியை என் கையில் கொடுத்தார். "வண்டி ஒங்களோடது. நீங்க சுத்துங்க."

எஞ்சின் இறுக்கமில்லாமல் சுற்றுவதற்காக அதன் மேலே இருந்த சின்ன லீவரை அவர் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் சுற்றினேன். என் கணவர் வாசற்படியில் பேப்பரை விரித்துக்கொண்டு, பார்க்காதவர் போல உட்கார்ந்திருந்தார். வேகம் வந்ததும் மெக்கானிக் லீவரை விட்டார். கறுப்பாக ஒரு புகை. பிறகு, டுக்... டுக்... டுக்... தென்னையிலிருந்த காக்கைகளெல்லாம் பறந்தன. பக்கத்து வீட்டுக்காரி கொடியில் காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினாள். நான் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே குதித்தேன். பேப்பர் படியில் தனியாகக் கிடந்தது. அவர் வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அதன் பிறகு அதுதான் என் விளையாட்டு. பெரிய டிராக்டர் நுழைய முடியாத தென்னை வரிசைகளுக்கு நடுவே அது வளைந்து வளைந்து போகும். வாழைக்கு இடை உழுதேன். உழாத நாட்களில் துடைத்தேன். கியர் கம்பியின் தலை யார் யார் கையோ பட்டு வழவழவென்று கூழாங்கல் போல இருக்கும். அதைப் பிடிக்கவே எனக்கு ஆசை. நைட்டி மேல் என் கணவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் உழுவதை யாரோ போனில் எடுத்துவிட்டார்கள். அது ஊர் ஊராகப் போயிருக்கிறது.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ஆட்டோவில் இரண்டு பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒருவருக்கு எழுபது வயதிருக்கும். மற்றவள் அவருடைய மகள், நாற்பதைத் தாண்டியவள். மார்த்தாண்டம் பக்கம் கணக்கு டீச்சர்.

"இது அஞ்சுகிராமத்து வண்டிதானா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா. தெரியுமா?"

"தெரியுமாவா? இவள நான் பெத்தது இதுலதானே!"

என் தொழில் புத்தி முந்திக்கொண்டது. அந்த இரும்புச் சீட்டைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "இதுல எங்கம்மா?"

"அப்போ பின்னால இழுத்துட்டுப் போற பெட்டி ஒண்ணு இருந்துது." அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "பேய் மழ. கொளம் ஒடஞ்சு ரோடெல்லாம் வெள்ளம். பஸ்ஸு இல்ல, காரு வராது. எனக்கோ வலி வந்தாச்சு. இந்த வண்டிக்காரருதான் பெட்டில வைக்கோல போட்டு, தார்ப்பாய மூடி, நாகர்கோயிலு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. பாதி வழில பிள்ள வந்துட்டு. மாமியா கூட இருந்தா. வண்டிய நிப்பாட்டுனாரு, எஞ்சின நிப்பாட்டல்ல. நின்னா இந்த மழையில திருப்பி எடுக்க முடியாதுன்னுட்டாரு. அந்தச் சத்தத்துல பிள்ள அழுததே எனக்குக் கேக்கல்ல. வாய் தொறந்திருக்கத பாத்துத்தான் உயிரு இருக்குன்னு தெரிஞ்சுகிட்டேன்."

எத்தனையோ குழந்தைகளின் முதல் அழுகைக்காகக் காது கொடுத்துக் காத்து நின்றவள் நான்.

மகள் சிரித்தாள். "கல்யாண வீட்டுக்குப் போனா, 'டிராக்டர் பிள்ள வந்துட்டா'ன்னுதான் சொல்லுவாவ. சின்னதுல அழுவேன். வெவரம் தெரியதுக்குள்ள நாங்க ஊரு மாறிட்டோம். வண்டிய இன்னைக்குத்தான் பாக்கேன்." அவள் பானெட்டின் மேல் கையை வைத்தாள். "நான் என்னவோ பெருசா இருக்கும்னுல்லா நெனச்சேன்!"

நான் கம்பியை எடுத்துச் சுற்றினேன். டுக் டுக் என்று கிளம்பியதும் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சவம், சத்தம் மட்டும் கொறையல்ல பாரு!"

மகளை ஏற்றி, கிளட்ச்சைச் சொல்லிக் கொடுத்தேன். சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, காலை ஒரேயடியாக எடுத்துவிட்டாள். வண்டி துள்ளி நேராக வாழைக்குள் போனது. "பிரேக்கு! பிரேக்கு!" என்று என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்து வருஷங்களாயிற்று. ஒரு ரசகதலி வாழை சாய்ந்த பிறகுதான் வண்டி நின்றது.

"மாறுட்டி. இனி நான்," என்றார் அம்மா.

"ஒனக்கு எதுக்கும்மா?"

"அன்னைக்கு மல்லாந்து கெடந்தேன். மேல தார்ப்பாய். ஒண்ணும் பாக்கல்ல. இப்போ முன்னால இருந்து பாக்கணும்."

நானும் மகளும் கைகொடுத்து அவரைச் சீட்டில் ஏற்றினோம். முதல் கியரில் போட்டு, நான் பின்னால் நின்று ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். தோப்பு வழியாக, வாய்க்கால் கரையோடு, சர்ச் முடுக்கு வரைக்கும் போனோம். நடந்து வந்தவர்கள் எங்களை முந்திப் போனார்கள். அம்மா இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்; தென்னையை, வெள்ளைக் கொக்குகளை, எதிரே ஒதுங்கி நின்ற பள்ளிக்கூட வேனை. வேனுக்குக் கையைக் காட்டினார். உள்ளே இருந்த பிள்ளைகளெல்லாம் கத்திக்கொண்டு கையாட்டினார்கள்.

மதியம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழத்தான் புறப்பட்டார்கள். இப்போது பள்ளிக்கூடம் லீவு விட்டால் மகள் வந்துவிடுகிறாள். கம்பி சுற்ற என் கணவர்தான் கற்றுக்கொடுத்தார். ஒரே சுற்றில் எடுக்கிறாள். கிளட்ச் மட்டும் இன்னும் பழகவில்லை. போன வாரம் இன்னொரு வாழை போயிற்று.