காளான் தட்டு

மழை விட்டதும், கொல்லையில் கிடந்த முருங்கைக் கட்டையிலிருந்து என் மகள் மரக்காளான்களைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். ஈர மண்ணும் புளித்த மாவும் கலந்தது போன்ற அந்த வாடை மூக்கில் ஏறியதும், நான் சிறுமியாக எங்கள் மானாம்பதித் தோப்பில் நின்றேன்.

புயலில் சாய்ந்த மாமரத்தை அங்கே துண்டு போட்டிருந்தார்கள். காளான் பூத்த கட்டை உளுத்தது, நின்று எரியாது. அதை மட்டும் நடவுக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், நல்ல கட்டையைத் தொடக்கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். ஒரு கட்டை நெடுக, ஓரம் வெளுத்த பழுப்புத் தட்டுகளாகக் காளான். சொப்பு விளையாட அத்தனையையும் நான் பிய்த்துவிட்டேன்.

காலையிலேயே அந்தக் கட்டையைக் காளானோடு பார்த்து வைத்திருந்த குப்பம்மா, நடவு முடிந்து வந்து தலையில் தூக்கினார். என் அம்மாவைவிட மூத்தவர். நானும் குப்பு என்றுதான் கூப்பிடுவேன்.

"இன்னா குப்பு, நல்ல கட்டைய தூக்கினு போற? அதுல காளான் எங்க கீது?" என்றார் அப்பா.

குப்பம்மா என் முன்னால் பரப்பியிருந்த தட்டுகளைப் பார்த்தார். நான் குனிந்து மண்சோறு போட்டுக்கொண்டே இருந்தேன்.

"தெரியாம தூக்கிட்டேன்யா." கட்டையை இறக்கிவிட்டுப் போனார்.

அடுத்த மழைக்கு அதே கட்டையில் காளான் மறுபடி முளைத்தது. "இப்ப எடுத்துக்கினு போ," என்றார் அப்பா.

"வேணாங்கய்யா. பாப்பாவுக்கு வெளையாட ஆவும்."

மகள் ஒரு காளானில் ஈர மண்ணை வைத்து நீட்டுகிறாள். "சாப்டும்மா." வாங்க எனக்குக் கை வரவில்லை.