தேவானை வைத்த பொட்டு

பாண்டி பஜார் பின்சந்தில் இசக்கிமுத்து அண்ணாச்சியின் பிளவுஸ் கடை. அங்கே கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷினை ஓட்டுபவள் தேவானை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்ததும், முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவாள். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

ஆயுதபூஜை முடிந்ததிலிருந்தே மிஷின் மக்கர் செய்தது. இந்த மிஷினில் ஊசி எப்போதும் நின்ற இடத்திலேயேதான் குத்தும். துணி மாட்டிய சட்டத்தைத்தான் இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள் அடியடியாக நகர்த்தும், ஒன்று இடவலமாக, மற்றது முன்னும் பின்னுமாக. அதில் ஒன்று அடி தவறியது. மாதிரித் துணியில் மயிலின் தலை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம். மெக்கானிக் கதிரேசன் வந்து அந்த மோட்டாருக்குக் கரண்டைக் கூட்டி வைத்தான். கை வைக்க முடியாத சூடு ஏறியதுதான் மிச்சம்.

“மோட்டார் அவுட்டு. புதுசு வர நாலு நாள் ஆவும்,” என்றான்.

மறுநாள் காலை வடபழனி கோயிலில் ஜெயஸ்ரீ என்ற பெண்ணுக்குக் கல்யாணம். மயில் போட வேண்டிய அவளுடைய பட்டு பிளவுஸ் துணி புடவையோடு வந்தது. கெட்டால் மாற்று கிடையாது. முடியாதென்று சொல்ல அண்ணாச்சி போனை எடுத்தார்.

“இருங்க அண்ணாச்சி.” தேவானை மிஷினை அணைத்துவிட்டுச் சட்டத்தைக் கையால் தள்ளிப் பார்த்தாள். இடவலமாக வழுக்கிக்கொண்டு போனது. முன்னும் பின்னும் தள்ளினால் ஓரிடத்தில் இறுகி நின்றது.

“அஞ்சாங்கிளாஸ் இன்ஜினியரா யக்கா நீ?” கதிரேசன் சிரித்தான்.

“சிரி நைனா. சட்டமே நவுரல, மோட்டார் இன்னா பண்ணும்? முட்டி முட்டி சூடாவுது.”

மூடியைக் கழற்றி டார்ச் அடித்தாள். சட்டம் ஓடும் கம்பியில் சந்தனம் கல்லாய்க் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம். பூஜையன்று, உள்ளே இருப்பதும் சாமிதானே என்று மூடியைத் திறந்து பொட்டு வைத்தவள் அவளேதான்.

“முருகா, நான் பண்ண வேலையா இது!” கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சுரண்டித் துடைத்து எண்ணெய் விட்டாள். கதிரேசன் கரண்டைப் பழைய அளவுக்கே குறைத்தான். மோட்டார் ஆறியதும் மாதிரித் துணியில் ஒரு மயில், பிறகு பட்டில். கழுத்தும் தலையும் ஒட்டி நின்றன. மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே இருக்க முடிந்தது.

“அடுத்த வருசம் பொட்டு உண்டா யக்கா?”

“உண்டு. மூடிக்கு மேல!”

அண்ணாச்சி போனை அவளிடமே நீட்டினார். “நீயே சொல்லும்மா.”

தேவானை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், எதிரே ஆள் நிற்பதுபோல.

“ஜெயஸ்ரீயாம்மா? தேவானை பேசறேன். மயிலு ரெடியா கீது, வந்து எடுத்துக்கோ.”