மிருதங்கம் கேட்காத நாற்காலி

சால்ட் லேக் அலுவலகத்தில் புது ஹெட்ஃபோனின் பொத்தானை அழுத்தியதும் ஏசி இரைச்சல் அடங்கியது. அந்த இரைச்சலுக்கு நேரெதிரான அலையை ஹெட்ஃபோன் எழுப்புகிறது. ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தில் விழுந்து, இரண்டும் இல்லாமல் போகின்றன.

என் சிறுவயதில், இதே ஊரில் எங்கள் அலிப்பூர் குவார்ட்டர்ஸில் இதே காரியத்தை அப்பா தெரியாமல் செய்திருந்தார். கரியாஹாட் கடைத்தெருவில் வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் வயரை மாற்றி மாட்டிவிட்டார். தனித்தனியே இரண்டும் நன்றாகப் பாடும். சரியாக நடுவில் இருந்த அம்மாவின் நாற்காலியில் மட்டும் மிருதங்கத்தின் ‘தொம்’ காணாமல் போய்விடும்.

“என்னங்க, மிருதங்கமே கேக்கல.”

“உனக்குக் காதுல கோளாறு,” என்பார், ஒரு ஸ்பீக்கரை ஒட்டியே உட்கார்ந்திருக்கும் அப்பா. ஒருநாளும் எழுந்து வந்து அங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை.

நான் ஏழாவது படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். காரியம் முடிந்து உறவினர்கள் ரயிலேறிய சாயங்காலம், அப்பா கேசட்டைப் போட்டுவிட்டு முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவ சொன்னது சரிதான்,” என்றார். “கேக்கல.”

வயரைத் திருப்பி மாட்டித் தருவதாகப் பக்கத்து வீட்டு வங்காளி தபன்தா சொன்னபோது அப்பா விடவில்லை. கடைசிவரை அங்கேயே உட்கார்ந்து, மிருதங்கம் இல்லாமல்தான் பாட்டு கேட்டார்.

ஹெட்ஃபோனின் பொத்தானை மறுபடி அழுத்தினேன். ஏசி இரைச்சல் துணைக்கு வந்தது.