பீட்சா போட்டவன் வெளிநாட்டுக்காரனாம்

மெல்பேர்ணில் நான் வேலை செய்த பீட்சாக் கடையிலிருந்து கடைசிச் சம்பளம் இன்றுதான் வந்தது. நாங்கள் ஒக்லாந்துக்குக் குடிவந்தே மூன்று மாதமாகிவிட்டது.

மூன்றிலொரு பங்கை வரி தின்றுவிட்டு எலும்பை அனுப்பியிருந்தது.

நியூ லின் ஸ்டேஷனில் நின்றபடியே மெல்பேர்ண் கடைக்கார அண்ணைக்குப் போன் அடித்தேன்.

"தம்பி, நீ இப்ப வெளிநாடெல்லே? அதான் உன்னை வெளிநாட்டுக்காரன் எண்டு மாத்திவிட்டனான். வரி கூடத்தான் வெட்டும்." ஏதோ பதவி உயர்வு தந்ததுபோலச் சொன்னார்.

"அண்ணை, பீட்சாவை அங்க நிண்டுதானே போட்டனான்? இஞ்சயிருந்து எறியேல்லையே!"

நன்றாகச் சிரித்தார். மாற்ற மட்டும் மாட்டாராம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்.

"ஜூனில அங்க வரி வருசம் முடிய, கணக்குக் காட்டினா திருப்பித் தருவாங்கள். இஞ்சயும் அந்தச் சம்பளத்தைக் காட்டவேணும், மறந்திடாத."

ஜூன்! மெல்பேர்ணில் இருக்கும் நதீசன் அடுத்த மாதமே குடும்பத்தோடு கனடா போகிறான். முதலாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. போகுமுன் அவனைப் பார்த்துவர இந்தக் காசில்தான் டிக்கெட் போட இருந்தேன்.

வரமுடியாதென்று அவனுக்குச் சொன்னேன்.

"வீடியோ கோல் எடடா, அதுக்கு வரியில்லை," என்றான். பிறகு இருவருமே சிரிக்கவில்லை.

வீடியோ கோலில் ஒருவனைக் கட்டிப்பிடிக்கத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வரி கட்டியாவது கற்றுக்கொள்கிறேன்.